கழற்றிய சாமானை எறியாதீர்கள்: பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஒறிஜினல் சாமான் தேடும் வழி

"பாண்டம் பிஸ்டன்" என்று மட்டும் சொல்லிக் கடையில் எதையும் வாங்காதீர்கள். நான் அப்படி வாங்கித்தான் முதல் காசை இழந்தேன். அப்பப்பாவின் பாண்டம், பிஎஸ்ஏ என்ற பழைய இங்கிலீஷ் கம்பனி செய்த மோட்டார் சைக்கிள், உப்புவெளி வீட்டுக் கொட்டிலில் சாக்குப் போர்த்திப் பல வருடம் கிடந்தது. அதை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று ஆசை பிறந்ததும் அடுத்த கிழமையே கொழும்புக்கு பஸ் ஏறி, பழைய பெட்டியோடு ஒரு பிஸ்டன் கிடைத்த சந்தோஷத்தில் விலைகூடக் குறைத்துக் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் சிலிண்டருக்குள் இறங்கவில்லை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அது பாண்டம் பிஸ்டன்தான். ஆனால் 1948இல் தொடங்கி 1971 வரை பாண்டம் என்ற ஒரே பெயரில் பிஎஸ்ஏ செய்த வண்டிகளில் மூன்று அளவு பிஸ்டன் உண்டு: டி1 என்ற மாடலுக்கு 52 மில்லிமீட்டர், டி3க்கு 57, டி5க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் 61.5. எங்கள் வண்டி டி1. நான் வாங்கி வந்தது டி3 உடையது.

ஆகவே இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பெயரைச் சொல்லித் தேடாதீர்கள், எண்ணைச் சொல்லித் தேடுங்கள். எண் தெரியாத சாமானுக்கு அந்தப் பழைய சாமானே சாட்சி, அது உடைந்திருந்தாலும் கறள் பிடித்திருந்தாலும் தேய்ந்து போயிருந்தாலும் புதியது வந்து பூட்டி ஓடிக் காட்டும்வரை அதை எறியக் கூடாது. கராஜில் விட்டால் "இது இனி உதவாது" என்று பழைய இரும்பு வாளிக்குள் போட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் இருக்கிற நமக்கு இந்தத் தேடலில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது, சீனக்குடாவில் பிரிட்டிஷாரின் விமானத்தளம் இருந்தது, டொக்யாட்டில் வேலை செய்த எத்தனையோ குடும்பங்கள் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. அவர்களுடைய வீடுகளில் பழைய இங்கிலீஷ் சாவிகளும், ஆணிப் பெட்டிகளும், சில நேரம் ஒரு முழு சக்கரமும் கிடக்கும். தொல்லை என்னவென்றால் கடற்காற்று. டச்சுக்குடாவிலோ உப்புவெளியிலோ திறந்த கொட்டிலில் கிடந்த சாமானில் குரோமியம் பொரிந்து, அலுமினியம் வெள்ளையாய்ப் பூத்து, அடியில் இருக்கும் எழுத்தையே தின்றுவிடும். எனவே எண்களைப் படிப்பதை நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

எண்ணைப் படிப்பது

வண்டியில் இரண்டு எண் இருக்கும், ஒன்று என்ஜினில், ஒன்று சட்டத்தில். என்ஜினில் பெரும்பாலும் சிலிண்டருக்குக் கீழே உள்ள பெட்டியிலும், சட்டத்தில் ஹாண்டில் செருகும் தலைக்குழாயிலோ என்ஜினைப் பிடிக்கும் இடத்திலோ குத்தியிருப்பார்கள். மேலே பெயின்ட், கிறீஸ், மண் எல்லாம் சேர்ந்து கட்டியாக இருக்கும். அதைக் கிறைண்டரில் பூட்டிய கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம், அரத்தாளும் வேண்டாம், எழுத்தின் விளிம்பு போய்விட்டால் பிறகு யாருக்கும் நிரூபிக்க முடியாது. மண்ணெண்ணெயில் தோய்த்த துணியை அந்த இடத்தில் சுற்றி ஒரு மணித்தியாலம் விடுங்கள், பிறகு பழைய பல் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். காய்ந்ததும் பள்ளிக்கூட வெண்கட்டியைப் படுக்க வைத்து எழுத்தின் மேல் இழுத்து, விரலால் ஒரு முறை வழித்துவிட்டால் மேலே உள்ள தூள் போய், குழிக்குள் உள்ள தூள் மட்டும் வெள்ளையாக நிற்கும். இருட்டில் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நான் முதல் நாள் வெளிச்சத்தில் 3 என்று எழுதி வைத்தது, அன்று இரவு வெண்கட்டியோடு பார்த்தபோது 8. அந்த ஒரு எழுத்தால் வருடமே மாறியிருக்கும்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளை விட்டுவிடாதீர்கள், மாடலையும் வருடத்தையும் சொல்வது பெரும்பாலும் அவைதான். பிஎஸ்ஏக்காரர்கள் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். 1969க்கு முந்திய பிஎஸ்ஏ வண்டிகளில் என்ஜின் எண்ணும் சட்ட எண்ணும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது, தொழிற்சாலையிலேயே அப்படித்தான் குத்தினார்கள். இது தெரியாமல் "என்ஜின் மாத்தின வண்டி" என்று சொல்லி நல்ல வண்டியை விலை குறைப்பவர்களும் உண்டு, அதை நம்பி விற்றவர்களும் உண்டு. அந்தக் காலத்து ட்ரையம்ப்பில் பொதுவாக இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 1969 மாடலிலிருந்து இரண்டு கம்பனியும் எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்துப் போட்டன, முதலாவது மாதம், இரண்டாவது மாடல் வருடம்.

அப்புறம் உங்கள் வண்டியின் பதிவுப் புத்தகத்தை எடுத்து இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதில் உள்ள வருடம் இங்கே முதன்முதல் பதிந்த வருடமாக இருந்தால், வண்டி செய்த வருடம் அதற்கு முந்தியதாக இருக்கலாம், சாமான் தேடும்போது நமக்கு வேண்டியது செய்த வருடம். என்ஜின் எண் புத்தகத்தோடு ஒத்துப் போகாவிட்டால் சாமான் வாங்குவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரி செய்யும் வழியைப் பாருங்கள், வேலை முழுவதும் முடித்த பிறகு அந்தச் சிக்கலில் மாட்டினால் மனசு உடைந்துவிடும். பிஎஸ்ஏ தொழிற்சாலையிலிருந்து வண்டிகளை அனுப்பிய பழைய பதிவேடுகள் பிரிட்டனில் உள்ள விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் தேடித் தருவார்கள்.

பாகப் புத்தகம்

திருத்தும் புத்தகம் வேறு, பாகப் புத்தகம் வேறு. எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்று சொல்வது முதலாவது. நமக்கு வேண்டியது இரண்டாவது: வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்து வரைந்து, ஒவ்வொரு வாஷருக்கும் எண் போட்டிருக்கும் புத்தகம். உங்கள் வருடத்துக்கு உரியதாகவே அது இருக்க வேண்டும். இணையத்தில் பழைய பாகப் புத்தகங்களைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள். போனில் வைத்துப் பார்ப்பதைவிட, வேண்டிய பக்கங்களை அச்சடித்துக் கொட்டில் சுவரில் ஒட்டினால் எண்ணெய்க் கையோடு பார்க்க வசதி.

பிஎஸ்ஏ பாக எண்ணில் கோட்டுக்கு முன்னால் வரும் இரண்டு இலக்கம் எந்த வகை வண்டிக்காக அந்தச் சாமான் செய்யப்பட்டது என்று காட்டும். 90 என்று தொடங்கினால் பாண்டம், 66 என்றால் யுத்த கால எம்20 வகை, 67 என்றால் இரட்டை சிலிண்டர் ஏ7, ஏ10 வகை. பழைய சாமான் குவியலைக் கிளறும்போது இது கையில் உள்ள டோர்ச் மாதிரி உதவும்.

ஆனால் நம் ஊரில் பிஎஸ்ஏ வைத்திருப்பவர்களைவிட ஹொண்டா வைத்திருப்பவர்கள்தான் அதிகம். சி50, சி90, எம்டி90, சலி, சிடி200 என்று வீட்டுக்கு ஒரு கதை இருக்கும். அவர்களுக்கு நல்ல செய்தி, ஹொண்டாவின் பாக எண் மாதிரித் தெளிவான எண் வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. மூன்று துண்டாக வரும். முதல் ஐந்து இலக்கம் இது என்ன சாமான் என்று சொல்கிறது, எந்த ஹொண்டாவாக இருந்தாலும் 13101 என்றால் பிஸ்டன், 16100 என்றால் முழுக் காபரேட்டர். நடுவில் உள்ள மூன்று, இந்தச் சாமான் முதன்முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டது என்று சொல்கிறது. கடைசி மூன்று, பிறகு செய்த மாற்றங்களைக் காட்டும். பிஸ்டனில் 13101 புது அளவு, 13102, 13103, 13104, 13105 என்று போகப் போக வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் கூடிய அளவுகள், சிலிண்டரைக் கடைந்த பிறகு எது வேண்டும் என்று இந்த எண்ணாலேயே கேட்கலாம்.

நடுவில் உள்ள அந்த மூன்று இலக்கத்தைத்தான் நான் அதிகம் பயன்படுத்துகிறேன். நண்பர் ஒருவரின் பழைய ஹொண்டாவுக்குச் சின்ன ஒரு கியர்ச் சாமான் தேடினோம், அந்த மாடல் பெயரைச் சொல்லிக் கேட்ட இடமெல்லாம் இல்லை என்றார்கள். பாகப் புத்தகத்தில் பார்த்தால் அந்தச் சாமானின் நடு எண் அவருடைய வண்டியின் எண்ணே இல்லை, வேறொரு ஹொண்டாவின் எண். அதாவது அந்தச் சாமானை வேறு வண்டிக்குச் செய்து இதிலும் போட்டிருக்கிறார்கள். சரி என்று அந்த மற்ற வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டோம், இரண்டாவது கடையில் கிடைத்தது. யமஹாவில் இது தலைகீழ், முதலில் வரும் மூன்று எழுத்து அல்லது இலக்கம்தான் மாடலைச் சொல்லும். சுசுகியில் ஐந்தும் ஐந்துமாக வரும், முதல் ஐந்து சாமானின் வகை, அடுத்த ஐந்தில் மாடல்.

ஒரு எண் பிறகு வேறு எண்ணாக மாற்றப்பட்டிருக்கலாம், கடைக் கணினி புது எண்ணைத்தான் காட்டும். புது எண்ணில் வருவது பூட்டும், ஓடும், ஆனால் தோற்றம் சில நேரம் மாறியிருக்கும். உள்ளே மறைகிற சாமான் என்றால் தாராளமாக வாங்குங்கள். வெளியே தெரிகிற லிவர், மூடி, விளக்கு என்றால் படம் கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பழைய சாமானே புத்தகம்

கழற்றும்போது மூன்று வேலை செய்யுங்கள்: கழற்ற முன் படம், கழற்றியதும் படம், உடனே டப்பா. நான் பால்மா டின்களும் ஐஸ்கிறீம் டப்பாக்களும் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் வெள்ளை நாடா ஒட்டி எந்தப் பக்கம், எத்தனை வாஷர், எந்த ஒழுங்கு என்று எழுதிவிடுவேன், வாஷர்களை ஒழுங்கு மாறாமல் கம்பியில் கோர்த்துவிடுவேன். உப்புக்காற்றுக்காக எல்லாவற்றிலும் கொஞ்சம் எண்ணெய் தெளித்து மூடி வைக்க வேண்டும்.

அமல் காபரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இங்கிலீஷ் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இதுதான். உடம்பில் ஒரு எண் குத்தியிருக்கும், ஒரு சாய்கோடு, அதற்குப் பிறகு இன்னொரு எண். முதலாவது காபரேட்டரின் வகை, 276 என்றால் கிண்ணம் தனியாகத் தொங்கும் பழைய வகை, 376 என்றால் 1955 அளவில் வந்த, கிண்ணம் உடம்போடு சேர்ந்த மொனோபிளாக். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்தான் அது எந்த வண்டிக்கு, எந்த ஜெட் (பெற்றோல் அளவாக வரும் துளை), எந்த சிலைடோடு (காற்று வழியைத் திறந்து மூடும் துண்டு) அனுப்பப்பட்டது என்று சொல்வது. இரண்டு காபரேட்டர் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், ஆனால் அந்தப் பின் எண் வேறாக இருந்தால் வண்டி குறைந்த ஓட்டத்தில் சீராக ஓடாமல் உங்களை வருடக் கணக்கில் அலைக்கழிக்கும். உள்ளே உள்ள ஜெட்டிலும் சிலைடிலும் சின்னதாக எண் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். முந்திய மெக்கானிக் யாராவது ஜெட்டைத் துளைத்துப் பெரிதாக்கியிருந்தால் எண் ஒன்றும் துளை ஒன்றுமாக இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

லூக்காஸ் சாமான்களில், மக்னீட்டோ, டைனமோ போன்றவற்றில், பாக எண்ணோடு செய்த மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள், உங்கள் வண்டியின் வருடத்துக்கு அது பொருந்துகிறதா என்று பார்க்கலாம். ஸ்மித்ஸ் ஸ்பீடோமீட்டரில் முகத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும், அதைக் கண்ணாடி வழியே படமெடுங்கள். வெளிக்கூடு ஒன்றாக இருந்தாலும் உள்ளே உள்ள பற்சக்கரக் கணக்கு வேறாக இருந்தால் முள் பொய் வேகம் காட்டும். பாண்டம் டி1இல் வைபாக் மின்சாரம் ஒன்று, லூக்காஸ் மின்சாரம் ஒன்று என்று இரண்டு வகை வந்தது, ஜெனரேட்டரும் அதன் மூடியும் ஒன்றுக்கொன்று ஆகாது. டி1 மூடி என்று கேட்டால் போதாது, எந்த மின்சாரம் என்றும் சொல்ல வேண்டும்.

போல்ட், நட், புரி

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இங்கே பழைய வண்டிகள் அதிகம் கெட்டது இந்த விஷயத்தில்தான். பழைய இங்கிலீஷ் வண்டியின் போல்ட் நட்டில் பொதுவாக மில்லிமீட்டர்ப் புரி கிடையாது. விட்வர்த், பிஎஸ்எஃப், சைக்கிள் புரி என்று பல வகை. விட்வர்த்தில் புரியின் கோணம் 55 பாகை, சைக்கிள் புரியில் 60. கால் அங்குல சைக்கிள் போல்ட்டில் அங்குலத்துக்கு 26 புரி. நம் இரும்புக் கடையில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையில் 1 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு 25.4 புரி. இரண்டும் கிட்டக் கிட்ட. ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். ஆகவே 6 மில்லிமீட்டர் போல்ட் அந்த ஓட்டைக்குள் சுகமாகப் போகும், கையாலேயே திரும்பும், புரியின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், சாவி போட்டு இறுக்கியதும் நுனியைச் சீவிக்கொண்டு சுழலும்.

எங்கள் பாண்டத்தில் சங்கிலி மூடி பிடிக்கும் ஓட்டை ஒன்று அப்படித்தான் போயிருந்தது. நானும் அதே தவறைச் செய்யப் போனேன். லேத் வேலை செய்யும் வயதான பாஸ் ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "தம்பி, போல்ட் உள்ளுக்குப் போகுது எண்டு முறுக்காதேங்கோ. புரி ஒண்டா எண்டு முதல்ல பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, அந்தப் புது போல்ட்டையும் டின்னில் இருந்த பழைய போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புரியோடு புரி பொருந்த அழுத்தி வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். முதல் நாலைந்து புரி ஒன்றுக்குள் ஒன்று இருந்தது, அதற்குப் பிறகு மெல்ல மெல்ல விலகி, நுனியில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. புரிமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை பெரிதில்லை, அது வரும்வரை இந்த வெளிச்சப் பரிசோதனை போதும்.

அதனால்தான் பழைய ஆணிகளைச் சேர்க்கச் சொல்கிறேன். கறள் பிடித்த கால் அங்குல போல்ட் நூறு உள்ள ஒரு டின் எங்காவது கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். விட்வர்த் சாவியில் எழுதியிருக்கும் அளவு போல்ட் தண்டின் அளவு, வாயின் அகலம் அல்ல, ஆகவே மில்லிமீட்டர்ச் சாவியைக் கிட்டத்தட்டப் போட்டுத் திருப்பினால் தலை உருண்டுவிடும். ஹொண்டாக்காரர்களுக்கு இதே கதை திருகாணியில். ஜப்பான் திருகாணியின் கூட்டல் குறி பிலிப்ஸ் மாதிரித் தெரியும், ஆனால் வேறு வடிவம், அதற்கு ஜப்பான் அளவுத் திருப்புளி வாங்குங்கள். என்ஜின் மூடியில் பிய்ந்துபோன தலைகள் எல்லாம் பிலிப்ஸ் போட்டுத் திருப்பியதால் வந்தவை.

எங்கே தேடுவது

வீட்டிலிருந்து தொடங்குங்கள். அப்பப்பாவின் பெட்டி, கூரைக்கு மேல் பரண், கிணற்றடிக் கொட்டில். எங்கள் சைலன்சரின் முன் பிடி கோழிக்கூட்டுக் கதவில் கொளுக்கியாகக் கிடந்தது. பிறகு ஊர். வடகரை வீதி, அனுராதபுரச் சந்திப் பக்கம் உள்ள பழைய கராஜ்களில் போய்க் கேட்கும்போது "இருக்கா" என்று கேட்டு அடுத்த நிமிடம் திரும்பாதீர்கள். பழைய சாமானைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் இருங்கள், அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போதுதான் எந்த வீட்டில் இந்த வண்டி நின்றது என்று ஞாபகம் வரும். கிண்ணியாவில் இரும்பு வாங்கும் நானா ஒருவரிடம் என் போன் எண்ணோடு சாமான்களின் படத்தையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன், உருக்கப் போக முன் அவர் கூப்பிட்டுக் காட்டுவார். அப்படி வந்ததுதான் பாண்டத்தின் ஒறிஜினல் பெடல். தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் வயல் வேலைக்கு ஓடிய ஹொண்டாக்கள் நிறைய, கடலுக்கு எட்ட நின்றவை என்றால் இரும்பு நம் கடற்கரை வண்டிகளைவிட நன்றாக இருக்கும்.

அதற்குப் பிறகு கொழும்பு பஞ்சிகாவத்தை. இரவு பஸ்ஸில் போய்க் காலையிலேயே நிற்பது நல்லது, போயா நாளும் ஞாயிற்றுக்கிழமையும் பார்த்துத் தவிர்த்துக்கொள்ளுங்கள். சாமானையும், எண் எழுதிய தாளையும், வேர்னியர் அளவுகோலையும் கொண்டு போங்கள். முன்கடையில் இருப்பது ஓடுகிற சாமான், உங்களுக்கு வேண்டியது பின்னால் சாக்கில் இருக்கும், ஆகவே பின்னால் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். எண் தேய்த்து அழித்த என்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

சென்னைக்குப் போகிறவர்கள் இருந்தால் புதுப்பேட்டை. புல்லட் 1955இலிருந்து சென்னையில் செய்யப்பட்ட வண்டி, ஆகவே அதற்கு அங்கேதான் சாமான் அதிகம். பிஎஸ்ஏக்கு இந்தியாவில் செய்த நகல் சாமானும் வருகிறது, நல்லதும் இருக்கிறது, இரண்டு மாதத்தில் வளைவதும் இருக்கிறது, அளந்து பார்த்து வாங்க வேண்டும்.

லண்டனில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அவர்களிடம் "பாண்டம் சாமான் ஏதாவது பார்" என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. பாக எண், படம், எத்தனை, எவ்வளவு காசு வரை என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். செப்டெம்பரில் பியூலி என்ற ஊரில் பெரிய பழஞ்சாமான் சந்தை கூடும், நேரில் போய்ப் பார்க்கக்கூடியவர் இருந்தால் அதிர்ஷ்டம். பயணப் பெட்டியில் கொண்டு வருவதென்றால் ஓடிய பெற்றோல் டாங்கியும் காபரேட்டரும் கவனம், பெற்றோல் வாசம் இருந்தால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், முழுவதும் கழுவி, காய வைத்து, வாசம் போன பிறகுதான் கட்ட வேண்டும். தபாலில் வந்தால் சுங்க வரியைச் சாமான் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

எதற்கு ஒறிஜினல் வேண்டும், எதற்கு வேண்டாம்

எல்லாவற்றுக்கும் பழைய பெட்டிச் சாமான் தேடாதீர்கள். ரப்பர் கிடங்கில் இருந்தாலும் கிழடாகும், ஐம்பது வருடப் பழைய சீல் பெட்டிக்குள் மினுங்கிக்கொண்டிருக்கும், பூட்டியதும் வெடித்து எண்ணெய் விடும். சீலை உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து புதிதாக வாங்குங்கள். பெயரிங்கும் அப்படித்தான், அதில் உள்ள எண் உலகம் முழுவதும் ஒன்று. 6203 என்றால் எந்த நாட்டில் செய்தாலும் உள்ளே 17, வெளியே 40, அகலம் 12 மில்லிமீட்டர். பழைய கண்டென்சர் வேண்டவே வேண்டாம், சூடானதும் வண்டி நிற்பதற்கு அதுவே போதும். பழைய டயரில் ஓடாதீர்கள், கோடு ஆழமாக இருந்தாலும் சரி. 2000க்குப் பிறகு செய்த டயரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு கிழமை, கடைசி இரண்டு வருடம். பிரேக் சூவின் இரும்பை வைத்துக்கொண்டு லைனிங்கை மட்டும் புதிதாக ஒட்டுங்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், அந்தத் தூளை வாயால் ஊதவோ காற்றடித்துப் பறக்க விடவோ கூடாது, ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியையும் பையில் கட்டி எறியுங்கள்.

ஒறிஜினலுக்குக் காசு செலவழிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரிவதற்கும் அளவுத் துல்லியம் முக்கியமானதற்கும்: காபரேட்டர், கியர்ச் சில்லுகள், விளக்கு, ஸ்பீடோமீட்டர், லிவர்கள், டாங்கி, மட்கார்ட். "நியூ ஓல்ட் ஸ்டொக்", அதாவது அந்தக் காலத்தில் செய்து பூட்டாமல் கிடந்த சாமான், என்று சொன்னால் பெட்டியைப் பார்த்து மயங்காமல் சாமானைப் பாருங்கள். பெட்டியை இப்போது எவரும் அச்சடிக்கலாம். குத்திய எழுத்து கூர்மையாக, ஒரே ஆழத்தில் இருக்கிறதா, வார்ப்பு விளிம்பு சீவப்பட்டிருக்கிறதா, உங்கள் பழையதோடு தராசில் வைத்தால் நிறை ஒத்து வருகிறதா என்று பாருங்கள். ஒருமுறை பூட்டிய சாமானில் வாஷர் இருந்த வட்டம் தெரியும், அதை மெருகு போட்டு மறைக்கலாம், ஓட்டைக்குள் உள்ள கீறலை மறைக்க முடியாது.

தகடு விஷயத்தில் என் எண்ணம் கொஞ்சம் பிடிவாதமானது. உங்கள் டாங்கியும் மட்கார்ட்டும் ஓட்டையாக இருந்தாலும் முதலில் அதை ஒட்டித் திருத்தப் பாருங்கள், நகல் டாங்கியின் வளைவு எங்கேயாவது ஒரு இடத்தில் பிழைத்துத்தான் இருக்கும். பெயின்ட்டை முழுவதும் சுரண்ட முன் டாங்கியின் அடிப்பக்கம், சீற்றுக்குக் கீழ், கிளிப் மூடிய இடம் எல்லாம் பாருங்கள். எங்கள் பாண்டம் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து கறுப்பு. டாங்கியைப் பிடிக்கும் பட்டியைக் கழற்றியபோது அதற்கு அடியில் விரல் அகலத்துக்கு வெளிறிய பச்சை, டி1 தொழிற்சாலையை விட்டு வந்த அதே பச்சை. அந்த இடத்தை மட்டும் நாடா ஒட்டி மறைத்துவிட்டு மற்றதைச் சுரண்டி, அந்தத் துண்டைக் காட்டித்தான் பெயின்ட் கலக்கினேன். பட்டிக்கு அடியில் அதை இன்னும் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் வண்டியில் இல்லாதது ஸ்பீடோமீட்டர் ஒன்றுதான். பழையதின் கூடு இருக்கிறது, உள்ளே எல்லாம் கறள், ஆனால் முகத்தில் உள்ள குறி படிக்க முடிகிறது. அந்தக் குறியைப் பெரியப்பாவின் மகனுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், செப்டெம்பர்ச் சந்தைக்குப் போய்விட்டுத் தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். கேபிளின் முனையில் கிறீஸ் தடவி, பொலித்தீன் சுற்றி, ஹாண்டிலில் கட்டி வைத்திருக்கிறேன்.